கூடைக்கு ஆகுங் கொடியும் ஆகாக் கொடியும்

பள்ளிப்பட்டுப் பக்கத்தில் வேலிக் கொடிகளால் கூடை முடைவோர், அறுக்குமுன் இலையைக் கவனித்தல் வேண்டும். இலை உருவியபின் எல்லாக் கொடியும் ஒன்றுபோலவே தோன்றும்.

கூடைக்கு உகந்தது கட்டுக்கொடி. தெலுங்கர் தூசரி தீக என்பர். இலை மெல்லிய ரோமமுடையது. ஒடித்தால் பால் வடியாது. இலையை நீரிற் கசக்கிப் பிழிந்து சற்று வைத்தால், அந்நீர் பச்சை நுங்குபோல் உறையும். சிறுவருக்கு இது நல்ல வேடிக்கையுமாகும்.

குன்றிமணிக்கொடிக்குப் புளியிலை போன்ற சிற்றிலைகள். செங்காந்தளின் இலைநுனி சுருண்டு பற்றும். அதன் கிழங்கு கொடிய நஞ்சு. இவ்விரண்டையும் தொடாது விடுக. குன்றிமணியைத் துளையிட்டு மாலை கோப்பது அபாயம். மென்ற வித்து ஒன்றே குழந்தையின் உயிரைப் போக்கக்கூடும். வாந்தியும் பேதியும் பல மணி நேரங் கழித்தே தோன்றுமாதலால், குழந்தை நலமாயிருப்பினும் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்க.