கலம் மாறினால் கையும் மாறவேண்டும்: ஒகேனக்கல் இளம் பரிசலோட்டிக்கு ஒரு கடிதம்



பிறர் உயிரை ஏற்றிச் செல்லும் எந்தத் தொழிலிலும், இன்னார் ஓட்டலாம் என்று சொல்வதோடு உரிமத்தின் வேலை முடிந்துவிடுவதில்லை. எந்தக் கலத்தை, எத்தனை பேருடன், எந்த நிலையில் ஓட்டலாம் என்ற மூன்று கேள்விகளுக்கும் அது விடை சொல்லியாக வேண்டும். காவிரி பாயும் ஒகேனக்கல்லில் பரிசல் ஓட்டும் உரிமத்தைப் புதிதாகப் பெறும் இளைஞர், அதைத் தொழில் முழுவதையும் கற்றுத் தேறியதற்கான சான்றாகக் கொள்ளாமல், இந்த ஒரு கலத்துக்கும் இந்த நீருக்கும் உரிய ஒப்புதலாகக் கொள்வதே அவருக்கும் அவரை நம்பி ஏறுவோருக்கும் நலம் தரும்.

மூங்கில் பிளாச்சுகளை வட்டமாகப் பின்னி, முற்காலத்தில் தோலும் இக்காலத்தில் பிளாஸ்டிக் தாளும் போர்த்தித் தார் பூசிய பரிசலுக்கு முன்புறம் என்றும் பின்புறம் என்றும் ஏதுமில்லை. மற்றப் படகுகளின் அடியில் நீளவாட்டில் ஓடி, அவற்றை நேர்கோட்டில் நிறுத்தும் அடிக்கட்டையும் அதற்கில்லை. ஆகையால் ஒரு பக்கமாகத் துடுப்பு போட்டால் பரிசல் முன்னேறாமல் சுழலும். போகவேண்டிய திசையைப் பார்த்து விளிம்போரம் அமர்ந்து, துடுப்பை எட்டப் போட்டு, நீரை இருபுறமும் மாற்றி மாற்றித் தன்பக்கம் இழுத்துக்கொள்பவரே அதை நேராகக் கொண்டுசெல்ல முடியும். கோத்திக்கல், பெரியபாணி, மணல்மேடு என்று ஒகேனக்கல்லின் பாறை இடுக்குகளின் வழியே ஓடி ஓடிப் பழகிய கைக்கு இந்த அசைவு எண்ணாமலேயே வந்துவிடுகிறது.

எண்ணாமல் வருவதுதான் திறமை. கலம் மாறும்போது அதுவே ஆபத்தும் ஆகிறது. ஏதேனும் ஓர் ஏரியில் விசைப்படகு ஓட்டும் வேலை அந்த இளைஞருக்குக் கிடைத்தால், பின்புற மோட்டாரின் பிடியை வலப்பக்கம் தள்ளும்போது படகு இடப்பக்கம் திரும்புவதை அவர் காண்பார்; பரிசலில் பழகிய கை அவசரத்தில் தன் பழைய வழியையே நாடும். இந்தியாவின் 2021ஆம் ஆண்டு உள்நாட்டுக் கலங்கள் சட்டம் இயந்திரக் கலங்களுக்கும் இயந்திரமில்லாத கலங்களுக்கும் தனித்தனி ஏற்பாடுகளைச் செய்து, முன்னவற்றைச் செலுத்துவோரிடம் தகுதிச் சான்றிதழ் கேட்பதற்கு இத்தகைய வேறுபாடுகளே நியாயம்.

இவ்வுண்மையை மிக நுணுக்கமாக விதியாக்கியவர்கள் சிறு விமானங்களைப் பறக்கவிடுவோர். அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் 2004இல் ‘விளையாட்டு விமானி’ என்றொரு சான்றிதழை உருவாக்கியது. பிழைப்புக்காக அன்றிப் பொழுதுபோக்குக்காக எளிய விமானம் ஓட்டுவோருக்கான அச்சான்றிதழை, விமானத்தைப் பொறுத்தவரை, குறைந்தது 20 மணி நேரப் பறப்புப் பயிற்சியுடன் பெறலாம். ஆனால் சாதாரண விமானத்தில் தேறியவர் அந்தத் தகுதியைக் கொண்டே மற்றக் கலங்களை ஓட்டிவிட முடியாது. ஒவ்வொரு வகைக்கும் பயிற்சி பெற்று, தம் பறப்புக் குறிப்பேட்டில் பயிற்றுநரின் கையொப்பத்தோடு கூடிய தனி ஒப்புதலைப் பெறவேண்டும். காரணம் மிக எளிது. சாதாரண விமானத்தில் கைப்பிடியைத் தன்பக்கம் இழுத்தால் மூக்கு மேலே எழும்; துணிச் சிறகின் கீழ் ஓட்டுநர் தொங்கியபடி தம் எடையை நகர்த்திச் செலுத்தும் கலத்திலோ, கட்டுப்பாட்டுக் கம்பியைத் தன்பக்கம் இழுத்தால் மூக்கு கீழே இறங்கும். தரைக்கு அருகே தடுமாறும் ஒருவருடைய கை எந்தப் பக்கம் போகும் என்பதை அவர் அறிவு முடிவு செய்வதில்லை, பழக்கமே முடிவு செய்கிறது.

அவ்விதிகளில் பரிசல் துறைக்கும் பொருந்தும் நுட்பம் ஒன்று உண்டு. வேறொரு வகைக் கலத்துக்கு ஒப்புதல் கோரும் விளையாட்டு விமானிக்குப் பயிற்சி அளித்தவர் ஒருவர் என்றால், அந்த விமானி தேறினாரா என்று சோதிப்பவர் மற்றொரு பயிற்றுநராக இருக்கவேண்டும். நாள்தோறும் உடனிருந்து கற்பித்தவரின் கண்ணுக்கு மாணவரின் சிறு குறைகள் பழகிப்போய்விடும்; புதிய கண்ணுக்கோ அவை முதல் பார்வையிலேயே தெரிந்துவிடும். தந்தையிடமோ மாமனிடமோ துடுப்பு பிடிக்கக் கற்ற இளைஞர், பயணிகளை ஏற்றத் தொடங்குமுன் உறவல்லாத ஒரு மூத்தவரைப் பரிசலில் அமர்த்தி ஓட்டிக் காட்டுவது, எந்தச் சட்டமும் கேளாவிட்டாலும் தமக்குத் தாமே வைத்துக்கொள்ளத் தக்க தேர்வாகும்.

எத்தனை பேர் என்ற கேள்விக்கும் அங்கிருந்தே ஒரு விடை கிடைக்கிறது. 2025இல் திருத்தப்பட்ட அமெரிக்க விதிகள் விளையாட்டு விமானிக்கு நான்கு இருக்கை கொண்ட விமானத்தையும் அனுமதித்தன; ஆனால் அவர் உடன் ஏற்றிச் செல்லக்கூடிய பயணி ஒருவர்தான். இடம் இருக்கிறது என்பதால் ஆள் ஏற்றலாம் என்று ஆகிவிடாது என்பதே இதன் பொருள். பரிசலிலும் விளிம்பு நீரைத் தொடாதவரை ஆள் ஏற்றலாம் என்று தோன்றும்; குழந்தை ஒன்றுதானே, மடியில் உட்காரட்டும் என்று பயணி கெஞ்சுவார், கூலியைக் கூட்டித் தருவதாகவும் சொல்வார். வட்டக் கலத்தில் ஒருவர் எழுந்து நின்றாலோ, எல்லோரும் படம் எடுக்க ஒரே பக்கம் சாய்ந்தாலோ எடை நொடியில் இடம் மாறிவிடும் என்பதை அறிந்தவர், விதித்த எண்ணிக்கைக்கு மேல் ஒருவரையும் ஏற்றமாட்டார், உயிர்காப்பு உடை அணியாதவரை இறக்கிவிடவும் தயங்கமாட்டார்.

இறுதியாக நீர். ஒகேனக்கல்லுக்கு மேலே உள்ள பிலிகுண்டுலுவில் மத்திய நீர்வள ஆணையம் காவிரியின் நீர்வரத்தை அளக்கிறது. நொடிக்கு இத்தனை கனஅடி என்று சொல்லப்படும் அந்த அளவில் ஒரு கனஅடி என்பது ஏறத்தாழ 28 லிட்டர். கபினி, கிருஷ்ணராஜசாகர் அணைகள் நிரம்பித் திறக்கப்படும் நாள்களில் நேற்றுத் தெரிந்த பாறை இன்று நீருக்குள் மறைந்து, தெரியாத சுழலாக மாறிவிடுகிறது. பரிசலும் ஓட்டியும் நேற்றிருந்தவர்களே என்றாலும், நேற்றைய ஒப்புதல் இன்றைய ஆற்றுக்குச் செல்லாது. மாவட்ட நிர்வாகம் பரிசல் இயக்கத் தடை விதிப்பதன் பொருள் இதுவே. தடை வரும் நாளில் கூலி போகும் என்பது உண்மை, அந்த வருத்தமும் நியாயமானதே. ஆயினும் அந்நாளிலும் கரையில் கவிழ்த்துவைத்த பரிசலின் அடியைத் தடவிப் பார்த்து, தார் விட்ட இடத்தில் பூசி, ஒடிந்த பிளாச்சை மாற்றிக்கொண்டிருப்பவர், நீர் வடிந்த பிறகு முதல் சவாரிக்கு ஆயத்தமாக இருப்பார்.

அத்தகைய ஓட்டியாக இளைஞர் விளங்க வாழ்த்துகள்.