நெடுங்கேணி வெயிலில் நெடுந்தூர ஓட்டம்

ஓடினால் முழங்கால் தேய்ந்துபோகும் என்று சொல்லாத ஆள் ஊரில் இல்லை. பல வருசமாக ஓடுகிற நான் அதை நம்புவதில்லை. அளவோடு ஓடுகிறவர்களுக்கு மூட்டுத் தேய்வு கூடுகிறது என்று ஆய்வுகளும் காட்டவில்லை. எங்கள் வன்னியில் பயப்பட வேண்டியது சிறுநீரகத்துக்கு.

காரணம் தெளிவாகாத நாட்பட்ட சிறுநீரக நோய் எங்கள் வவுனியா மாவட்டத்திலும் இருக்கிறது. தொடக்கத்தில் அது எந்த நோவும் காட்டாது. வெயிலில் ஓடி உடம்பு வற்றும்போது சிறுநீரகத்துக்குப் போகும் இரத்தம் குறைகிறது. டைக்குளோபெனக், இபுபுரூஃபன் போன்ற நோவுக் குளிசைகள் அதை இன்னும் குறைத்துவிடும். போட்டிக்கு முதல் "கால் நோகாமல் இருக்கட்டும்" என்று குளிசை போடும் பெடியங்களைக் கண்டால் நான் மறிக்காமல் விடுவதில்லை. நோவு இருந்தால் அன்றைக்கு ஓட வேண்டாம். ஓடத் தொடங்க முதல், சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று அறிய, இரத்தத்தில் கிரியேட்டினினும் சிறுநீரில் அல்புமினும் பார்த்துவிடுங்கள்.

விடிய வெள்ளன புளியங்குளம் வீதியில் ஓடுவது தனிச் சுகம். ஆனால் யானை நடமாடுகிற இடம், நிலம் தெளிய முதல் இறங்காதீர்கள். வெயில் ஏற முதல் வீட்டுக்கு வந்துவிட வேண்டும்.

நீண்ட ஓட்டத்தில் வெறும் தண்ணீரை மட்டும் அளவுக்கு மிஞ்சிக் குடித்தால் இரத்தத்தில் உப்புக் குறைந்து தலைச்சுற்றும் வாந்தியும் வரும். தாகத்துக்குக் குடியுங்கள். தேசிக்காய்த் தண்ணீரில் சீனியோடு ஒரு சிட்டிகை உப்பும் போட்டுக் கொண்டுபோவது என் வழக்கம். ஓடி முடிந்தபின் சிறுநீர் கடும் மஞ்சளாகப் போனால் தண்ணீர் போதவில்லை. தேத்தண்ணிச் சாயம்போலப் போனால் தசை சிதைந்திருக்கலாம். பொழுது பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

இவ்வளவும் சொல்வது ஓட்டத்தை விடச் சொல்லி அல்ல. இரத்த அழுத்தமும் சீனியும் கட்டுப்பட, இருதயம் பலப்பட, இரவில் அடித்துப்போட்டதுபோல நித்திரை வர, காசில்லாத மருந்து இது. முள்ளியவளை அகிலத்திருநாயகி அம்மா 2023இல், 72 வயதில், பிலிப்பைன்ஸில் நடந்த மூத்தோர் போட்டியில் 1500 மீற்றர் ஓட்டத்திலும் 5000 மீற்றர் வேகநடையிலும் தங்கம் வென்றார். எங்கள் அம்மாமாருக்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? புதிதாகத் தொடங்குவதென்றால் முதல் சில கிழமை நடந்து பழகுங்கள். பிறகு கொஞ்சம் ஓட்டம், கொஞ்சம் நடை. ஓடும்போது நெஞ்சு இறுக்கினால் அந்த இடத்திலேயே நின்று, அன்றைக்கே டொக்டரிடம் காட்டுங்கள்.