நாடாவில் தொங்கும் குஞ்சம்

கேள்வி: கொரிய சரித்திரத் தொடர்களில் பெண்களின் மேல்சட்டை முடிச்சிலிருந்து குஞ்சத்தோடு ஒன்று தொங்குகிறதே, அது வெறும் அலங்காரமா?

– வாசகி, மதுரை

பதில்: அதன் பெயர் நோரிகே. அலங்காரம்தான்; ஆனால் வேண்டுதலும் அதில் சேர்ந்தே தொங்கும். மேலே ஒரு கொக்கி, நடுவில் பவளம், ஜேட், அம்பர், வெள்ளி என ஏதாவது ஒன்றில் செதுக்கிய உருவம், கீழே பட்டுக் குஞ்சம். ஆண் குழந்தை வேண்டுவோர் மிளகாய், கோடரி உருவங்களை அணிந்தார்கள். வௌவால் அங்கே அதிர்ஷ்டச் சின்னம். நம் வீட்டுக்குள் புகுந்தால் துடைப்பத்தைத் தூக்குவோம்! சிலவற்றில் வாசனைப் பொருள் வைக்கும் சிமிழ், ஊசிக்கூடு, ஏன், உறையோடு சின்ன வெள்ளிக் கத்திகூட இருக்கும். மூன்றைச் சேர்த்துக் கட்டினால் சம்ஜாக் நோரிகே. அதில் மிகப் பெரியது அரச குடும்பப் பெண்களின் சடங்கு உடைக்கானது.

என் கண்ணுக்கு நோரிகேயின் கல்லைவிட அதைக் கோக்கும் முடிச்சுகள்தான் அழகு. ஒற்றைப் பட்டுக் கயிற்றை மடித்து மடித்து, முன்னும் பின்னும் ஒரே மாதிரி தெரியும்படி முடிவார்கள். இந்தக் கலையைத் தென்கொரிய அரசு 1968-இலேயே தேசிய மரபுச் சொத்தாக அறிவித்துவிட்டது.

அதே தொடர்களில் பெண்களின் தலையில் கறுப்பாகச் சிறு தொப்பி தெரிந்தால் அது ஜொக்துரி. பொய்முடிக் கொண்டைகளுக்கு ஆகும் செலவு எல்லை மீறியதால், 1756-இல் மன்னர் யொங்ஜோ அவற்றைத் தடைசெய்து, இதை அணியச் சொன்னார். பெண்கள் அதிலும் மணிகளைப் பதித்துச் செலவை ஏற்றிவிட்டார்கள்.