வெறுவெளியில் கண்ட ஒளி



வானத்தைக் காட்டி நம் முன்னோரை அச்சுறுத்தினோர் பலர். "இன்ன கோள் இன்ன வீட்டில் நின்றமையால் நீ தாழ்ந்தாய், இன்ன நட்சத்திரத்திற் பிறந்தமையால் உனக்குக் கல்வி வாராது" என்று ஏடு விரித்துச் சொல்லினர். யாமும் இளமையில் அச்சொற்களைக் கேட்டு வளர்ந்தோம். ஆலையில் இரவு ஷிப்டு முடித்து விடியற்காலையில் வீடு திரும்பும்போது, தலைக்குமேல் மின்னிய புள்ளிகளை நோக்கி, "இவைதாமா நம்மை இந்நிலையில் வைத்தன?" என்று எண்ணியதும் உண்டு. அவ்வினாவிற்கு விடை ஏட்டிற் கிடைக்கவில்லை. வானத்தையே உற்றுநோக்கி ஆராய்ந்தோரிடம் கிடைத்தது. அவர்கள் கண்டதை இப்பாடத்தில் முறையாகக் காண்போம்.

1. ஒளி கொண்டுவரும் கடிதம்

தொலைவூரிலிருந்து வரும் கடிதம், அஃது எழுதப்பட்ட நாளின் செய்தியையே சொல்லும். நாம் படிக்கும் நாளின் செய்தியைச் சொல்லாது. ஒளியும் அத்தகைய கடிதமே. அது விநாடிக்கு ஏறத்தாழ 3 லட்சம் கிலோமீட்டர் விரைந்தோடும். எனினும் சூரியனிலிருந்து நம்மை அடைய 8 நிமிடங்களுக்குச் சற்று மேலாகிறது. சூரியனை அடுத்து நமக்கு மிக அண்மையிலுள்ள பிராக்சிமா சென்டாரி என்னும் விண்மீனிலிருந்து வர 4 ஆண்டுகளுக்கு மேலாகிறது. ஆண்ட்ரமீடா என்னும் அண்டை விண்மீன் திரளிலிருந்து வருவதற்கோ 25 லட்சம் ஆண்டுகள் செல்கின்றன. ஒளி ஓராண்டிற் கடக்கும் தொலைவை ஓர் ஒளியாண்டு என்பர். ஆதலின், வானில் தொலைவை நோக்குவது பழமையை நோக்குவதே என்று அறிக.

சப்தரிஷி மண்டலம் என்று நம்மவர் வழங்கும் ஏழு மீன்களை எடுத்துக்கொள்வோம். அவற்றுள் ஐந்து ஏறத்தாழ 80 ஒளியாண்டுத் தொலைவில் உள்ளன. மற்றிரண்டும் 100 ஒளியாண்டுக்கும் அப்பால் உள்ளன. ஒரே கூட்டமாய்த் தோன்றினும் அவை வெவ்வேறு காலத்துக் கடிதங்களையே நமக்கு அனுப்புகின்றன. அவ்வுருவம் நம் கண் அமைத்துக்கொண்டதேயாகும். ஏனைய மீன்கூட்டங்களும் இத்தகையனவே. இவை கூடி நின்று ஒரு குழந்தையின் குடியையும் கல்வியையும் வரையறுத்தன என்பது எங்ஙனம் பொருந்தும்?

2. பிழையுற்ற ஆடி

பூமியைச் சூழ்ந்த காற்று விண்மீன் ஒளியைக் கலக்குகின்றது. ஆதலால் காற்றுக்கு அப்பால் நிற்கும்படி, ஹப்பிள் என்னும் தொலைநோக்கியை 1990 ஏப்ரலில் விண்ணிற் செலுத்தினர். அதன் ஆடி 2.4 மீட்டர் அகலமுடையது. ஆனால் அது அனுப்பிய படங்கள் மங்கலாயின. ஆடியின் ஓரம், தலைமயிரின் தடிப்பில் 50இல் ஒரு பங்கு அளவுக்குப் பிழைபடத் தேய்க்கப்பட்டிருந்தது. ஆடியை அளந்த கருவியிலேயே குற்றம் இருந்தது. வேறு சோதனைகள் பிழையைக் காட்டியும், அந்த ஒரு கருவியையே பிரமாணமாக நம்பி மற்றவற்றைத் தள்ளிவிட்டனர்.

நூற்பாலையில் உழைத்தோர் இதனை எளிதில் உணர்வர். உருளை இம்மியளவு கோணினும் நூல் முழுவதும் தடித்தும் மெலிந்தும் ஓடும். அதற்காக இயந்திரத்தை உடைத்தெறிவார் உண்டோ? குற்றம் எங்கே என்று தேடித் திருத்துவர். அவ்வாறே 1993 டிசம்பரில் வீரர்கள் விண்ணிற் சென்று, ஐந்து முறை கலத்தினின்று வெளிவந்து உழைத்து, தொலைநோக்கியின் பார்வையைச் செம்மைப்படுத்தினர்.

3. பத்து நாட் பொறுமை

அத்தொலைநோக்கி நிலையத்தின் தலைவராயிருந்த ராபர்ட் வில்லியம்ஸ் என்பார், 1995 டிசம்பரில் ஒரு துணிவான செயலைச் செய்தார். சப்தரிஷி மண்டலத்தின் பக்கத்தில், ஒன்றுமில்லாத இருள் எனத் தோன்றிய சிறு இடத்தைத் தேர்ந்தெடுத்தார். அது முழுநிலவின் பரப்பில் நூறில் ஒரு பங்கினும் குறைந்தது. "அங்கே காண்பதற்கு ஒன்றும் இராது, விலைமதிப்பற்ற காலம் வீணாகும்" என்று அறிஞர் சிலர் எச்சரித்தனர். அவரோ தமக்கென ஒதுக்கிய காலத்தை அதற்கே செலவிட்டார். தொலைநோக்கி பத்து நாட்கள் அவ்விருளையே நோக்கி 342 படங்களை எடுத்தது.

அவற்றை ஒன்றாகச் சேர்த்தபோது, அவ்வெறுமையில் ஏறத்தாழ 3,000 விண்மீன் திரள்கள் தோன்றின! ஒவ்வொரு திரளும் கோடிக்கணக்கான விண்மீன்களின் தொகுதி. இவ்வரிய படங்களை ஒருவரும் பூட்டி வைக்கவில்லை. சில வாரங்களுக்குள், 1996 ஜனவரியிலேயே, உலகோர் யாவர்க்கும் வழங்கிவிட்டனர். ஒரு சிலர் மட்டுமே ஓதலாம் என்று காக்கப்பட்ட அறிவையும், எல்லார்க்கும் திறந்த இவ்வறிவையும் ஒப்பிட்டுப் பார்க்க.

4. பொன் பூசிய ஆடி

பிரபஞ்சம் விரிந்துகொண்டே செல்வதால், மிகத் தொன்மையான ஒளி வரும் வழியில் நீட்சியுற்று, நம் கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பு ஒளியாகிவிடுகின்றது. அதனைப் பிடிக்க 2021 டிசம்பர் 25இல் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி ஏவப்பட்டது. அதன் ஆடி 6.5 மீட்டர் அகலம். பொன் பூசிய 18 அறுகோணத் துண்டுகளால் ஆனது. பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவில், ஐந்தடுக்குத் திரையின் நிழலில் குளிர்ந்து நிற்கின்றது. 2022 ஜூலையில் வெளிவந்த அதன் முதற்படம், நீட்டிய கையிற் பிடித்த மணல் துகள் மறைக்கும் அளவான வானத்தில் ஆயிரக்கணக்கான திரள்களைக் காட்டிற்று. பிரபஞ்சத்தின் வயது ஏறத்தாழ 1,380 கோடி ஆண்டுகள். அது தோன்றி 30 கோடி ஆண்டுகள் நிரம்புமுன் ஒளிர்ந்த ஒரு திரளை இத்தொலைநோக்கி கண்டதாக 2024இல் அறிவித்தனர்.

அப்படங்களின் நிறங்களைப் பற்றி ஒன்று கூறுவோம். கருவி பதிவது ஒளியின் அளவையே. கண்காணா ஒளியை நாம் காணும்பொருட்டு, அறிஞர் முறைப்படி நிறம் ஏற்றுகின்றனர். இது பொய்யன்று, ஒரு மொழியிலுள்ளதை வேறு மொழியிற் பெயர்ப்பது போன்றது. எனினும் படத்தின் அழகில் மயங்காது, அஃது எவ்வாறு ஆக்கப்பட்டது எனக் கேட்பதே கற்போர் கடமை.

ஒளியைப் பகுத்து ஆராய்வதால், விண்மீன்களில் உள்ள பொருள்களும் அறியப்படுகின்றன. நம் குருதியில் ஓடும் இரும்பும், எலும்பிலுள்ள சுண்ணமும் பண்டைய விண்மீன்களில் விளைந்தவையே. உயர்ந்தோர் என்பார் எலும்புக்கு ஒரு விண்மீனும், தாழ்ந்தோர் என்பார் எலும்புக்கு வேறொரு விண்மீனும் இல்லை.

5. நம் நாட்டின் பங்கு

இஃது அயலார் கலை மட்டுமன்று. 2015 செப்டம்பரில் இந்தியா ஆஸ்ட்ரோசாட் என்னும் விண்ணாய்வுக் கலத்தை ஏவியது. அதன் புற ஊதாத் தொலைநோக்கியின் ஆடி 37.5 சென்டிமீட்டர் அகலமே உடையது. அச்சிறு ஆடியைக் கொண்டு, 930 கோடி ஒளியாண்டுத் தொலைவிலுள்ள ஒரு திரளின் கடும் புற ஊதா ஒளியைக் கண்டதாகப் புனேயிலுள்ள வானாய்வு நிலையத்தார் 2020இல் வெளியிட்டனர். ஆடி சிறிதாயினும் நோக்கம் தெளிவாயின் பயன் பெரிதாகும்.

6. இனிச் செல்லும் வழி

மனிதர் விண்மீன்களுக்கே சென்று குடியேறிவிடுவர் எனச் சிலர் எளிதாகப் பேசுகின்றனர். கணக்கிட்டுப் பார்ப்போம். 1977இல் ஏவப்பட்ட வாயேஜர் 1 விநாடிக்கு ஏறத்தாழ 17 கிலோமீட்டர் வேகத்திற் செல்கின்றது. அவ்வேகத்தில் மிக அண்மையிலுள்ள விண்மீனின் தொலைவைக் கடக்கவே 70,000 ஆண்டுகளுக்கு மேலாகும். 1969 முதல் 1972 வரை நிலவில் நடந்தோர் 12 பேரே. ஆகவே நம் கால் செல்லுமிடம் இன்னும் நெடுங்காலம் அண்மையே. நம் கண் செல்லுமிடமோ எல்லை காணாதது. 2022இல் வெப் தொலைநோக்கி, ஏறத்தாழ 700 ஒளியாண்டுக்கு அப்பாலுள்ள ஒரு கோளின் காற்றில் கரியமில வாயு இருப்பதைக் கண்டுபிடித்தது. இனி வருவோர் உயிர் வாழத்தக்க கோள்களை இவ்வாறே தேடுவர்.

இதிலிருந்து நாம் பெறும் முடிபுகள் இரண்டு. பெயர்ந்து செல்ல வேறு வீடு அண்மையில் இன்மையால், இந்தப் பூமியையும் அதன் நீரையும் காற்றையும் பேணுதல் வேண்டும். இனி வரும் தொலைநோக்கிகளின் முன் அமர்வோருள் நம் பிள்ளைகளும் இருத்தல் வேண்டும். பிறர் சொன்னதென்று ஏலாது ஆராய்ந்து ஏற்கும் நெறியை மேற்கொண்ட நமக்கு, ஜாதகக் கட்டைக் கிழித்தெறிவது மட்டும் போதாது. அது கிடந்த இடத்தில் கணக்குப் புத்தகத்தை வைப்போம். பத்து நாட் பொறுமை வெறும் இருளில் 3,000 திரள்களைக் காட்டிற்று. ஒன்றுமில்லை என்று பிறர் கைவிட்ட குழந்தையைப் பத்தாண்டு பொறுமையுடன் படிக்கவைத்தால், அக்குழந்தையிடம் எவ்வளவு ஒளி தோன்றாது!

ஞாயிறு கூட்டத்தில் ஆராய வேண்டிய வினாக்கள்:

1. தொலைவை நோக்குவது பழமையை நோக்குவது ஆவது எங்ஙனம்?
2. ஹப்பிள் ஆடியின் பிழை முன்னரே அறியப்படாமைக்குக் காரணம் யாது? அதனால் நாம் கற்பது என்ன?
3. நம் தெருவில் இவ்வாண்டு பள்ளியை விட்டு நின்ற பிள்ளைகள் எத்தனை பேர்? அவர்களை மீண்டும் சேர்க்க நாம் செய்யத்தக்கது யாது?