உறைபனி புழுவைக் கொல்லுமா?

நம்பிக்கை: மலைக் குளிரில் குடற்புழு பிழைக்காது, அது சமவெளி ஆடுகளின் தொல்லை.

ஊட்டிப் பக்கம் டிசம்பர், ஜனவரி காலைகளில் மேய்ச்சல் நிலம் வெள்ளை வெளேரென்று உறைந்து கிடக்கும். அதைப் பார்க்கிற யாருக்கும் இப்படித்தான் தோன்றும். இதில் பாதி உண்மையும் இருக்கிறது. ஆட்டின் ரத்தத்தை உறிஞ்சும் ஹீமாங்கஸ் என்ற உருண்டைப் புழுவின் முட்டைக்கும் இளம்புழுவுக்கும் உறைபனி ஆகாது. ஆனால் அதன் கூட்டாளிகளான டிரைக்கோஸ்ட்ராங்கைலஸ், டெலடார்சேஜியா போன்றவை குளிருக்கு அவ்வளவாக அஞ்சுவதில்லை. புழுக்கைக்குள்ளும் புல்லின் அடித்தூரிலும் பதுங்கிக்கொள்கின்றன. ஹீமாங்கஸும் சும்மா இருப்பதில்லை. வெளியே காலம் பாதகமானால், ஆட்டின் நான்காம் இரைப்பைச் சுவருக்குள் வளர்ச்சியை நிறுத்திவிட்டு இளம்புழுவாகவே காத்திருக்கும். குளிர் விலகி மழை இறங்கியதும் ஒட்டுமொத்தமாக விழித்துக்கொள்ளும். அதே சமயத்தில் பெட்டையும் குட்டி போட்டால் அதன் எதிர்ப்புச் சக்தி தளர்ந்து, புழுக்கையில் முட்டைகள் பெருகும். பிறந்த குட்டி அந்தப் புல்லில்தான் முதன்முதலாக வாய் வைக்கும்.

உயரம் காப்பாற்றும் என்பவர்களுக்குப் பொலிவியாவின் ஆல்டிபிளானோ பீடபூமியைக் காட்டலாம். கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஊட்டி 2,240 மீட்டர்தான். அந்தப் பீடபூமியில் ஈரல் தட்டைப்புழு ஆடு மாடுகளோடு நிற்காமல் மனிதர்களையும் பிடித்து ஆட்டுகிறது. அதைச் சுமக்கும் நத்தைக்கு ஓடையோரச் சதுப்பு இருந்தால் போதும். பனி விழுகிறதா என்று அது பார்ப்பதில்லை.

நம்பிக்கை: கழிந்தால்தான் புழு, புழுக்கையில் புழு தெரிந்தால்தான் மருந்து.

ஆட்டைச் சாகடிக்கும் புழு பெரும்பாலும் கண்ணில் படுவதே இல்லை. புழுக்கையோடு அரிசி போல வெள்ளையாக விழுபவை நாடாப்புழுவின் துண்டுகள். பார்க்க அருவருப்பாக இருந்தாலும் வளர்ந்த ஆட்டுக்கு அதனால் பெரிய கேடில்லை. ஹீமாங்கஸ் வேறு ரகம். ஒரு புழு ஒரு நாளில் உறிஞ்சுவது சுமார் 0.05 மில்லி ரத்தம். ஆயிரம் புழு இருந்தால் நாளுக்கு 50 மில்லி. 25 கிலோ ஆட்டின் உடம்பில் மொத்தமே ஒன்றரை லிட்டர் அளவுதான் ரத்தம். கழிச்சல் இல்லாமலேயே ஆடு வெளுத்துப் போகும், மந்தையில் பின்தங்கும். பிறகு தாடைக்கு அடியில் பை கட்டினாற்போல நீர் கோத்துக்கொள்ளும். தாடை வீங்கிய பிறகு மருத்துவரிடம் ஓடுவது தாமதம்தான்.

கீழ் இமையை விரலால் மெல்ல இழுத்து உள்பக்கத்தைப் பாருங்கள். நல்ல சிவப்பா, இளஞ்சிவப்பா, வெள்ளைக் காகிதமா? தென்னாப்பிரிக்காவில் உருவான ஃபமாச்சா அட்டை இதைத்தான் ஐந்து நிறங்களாகப் பிரித்துக் காட்டுகிறது. ரத்தம் குடிக்கும் புழுவை மட்டுமே இது காட்டிக்கொடுக்கும். மற்றவற்றுக்குப் புழுக்கைப் பரிசோதனைதான்.

நம்பிக்கை: மூன்று மாதத்துக்கு ஒருமுறை எல்லா ஆட்டுக்கும் மருந்து ஊற்றிவிட்டால் கவலையில்லை.

இந்தப் பழக்கம்தான் எனக்கு உறைபனியைவிடப் பயம் தருகிறது. தயபெண்டசோல் என்ற மருந்து 1961-இல் சந்தைக்கு வந்தது. சில ஆண்டுகளுக்குள்ளேயே அதற்கு அடங்காத புழுக்கள் தென்பட்டுவிட்டன. நாம் அன்றாடம் ஊற்றும் அல்பெண்டசோலும் ஃபென்பெண்டசோலும் அதே பென்சிமிடசோல் குடும்பம். நீலகிரிச் செம்மறிகளிலேயே இந்தக் குடும்பத்துக்கு அசையாத புழுக்கள் ஆய்வுகளில் பதிவாகியிருக்கின்றன.

மந்தையில் ஒரு சில ஆடுகளே பெரும்பான்மைப் புழுக்களைச் சுமக்கும். எல்லாவற்றுக்கும் ஊற்றினால், மருந்துக்குத் தப்பிய புழுக்கள் மட்டுமே முட்டையிட்டு அடுத்த தலைமுறையாகும். ஆகவே வெளுத்த ஆட்டுக்குக் கொடுங்கள், திடமான ஆட்டை விட்டுவிடுங்கள். மேய்ச்சலில் மருந்துக்கு அடங்கும் புழுவும் கொஞ்சம் இருக்கட்டும். கண் மதிப்பில் எடை போட்டுக் குறைவாக ஊற்றுவதும் இதே கேட்டைத்தான் செய்யும். வெள்ளாட்டுக்குச் செம்மறியின் அளவு பல மருந்துகளில் போதாது. புதுச் சினைக்கு அல்பெண்டசோல் கூடாது. இரண்டையும் மருத்துவரிடம் கேட்டே தீர்மானியுங்கள்.

நம்பிக்கை: அதிகாலைப் பனிப்புல் ஆட்டுக்கு நல்லது.

இளம்புழு புல்லில் ஏறுவதே அந்த ஈரத்தில்தான். பனித்துளி காய்ந்த பிறகு ஓட்டுங்கள், புல்லை ஒட்டக் கடிக்கும் அளவுக்கு ஒரே இடத்தில் நிறுத்தாதீர்கள். வேப்பிலையைக் கொடுக்கலாம், கெடுதல் இல்லை. ஆனால் தாடை வீங்கிய ஆட்டை அது காப்பாற்றும் என்று காத்திருக்காதீர்கள்.

மருந்து வாங்கக் கால்நடை மருந்தகத்துக்குப் போகும்போது, அன்று காலை விழுந்த புழுக்கையைச் சுத்தமான பாலித்தீன் பையில் கட்டி, வெயில் படாமல் எடுத்துப் போங்கள். மருந்து கொடுத்துப் பதினான்கு நாள் கழித்து மறுபடியும் ஒரு பை கொடுத்து முட்டை எண்ணச் சொல்லுங்கள். எண்ணிக்கை குறையவில்லை என்றால், உங்கள் மந்தையில் அந்த மருந்தின் காலம் முடிந்துவிட்டது.