மாணிக்கக் குழிக்குள் ஒரு கிழவர்

பலாங்கொடை

அன்பு மருமகளுக்கு,

நீ வரைந்து அனுப்பிய சித்திரக்கதையை நேற்றிரவு இரண்டு தடவை பார்த்தேன். கைவிட்ட மாணிக்கக் குழிக்குள் பட்டறை போட்டிருக்கும் கிழவர், அவர் செய்து கொடுக்கும் இரும்புச் சட்டை, அதை மாட்டிக்கொண்டு இரத்தினபுரி வெள்ளத்தில் இறங்கும் பெண். படங்கள் பிரமாதம். கிழவர்தான் எனக்கு ஒட்டவில்லை. யாரோடும் பேசமாட்டார், எங்கும் போகமாட்டார், ஆனால் எல்லாம் தெரியும். எப்படித் தெரிந்தது? ஒரு கட்டத்திலாவது காட்டியிருக்கலாம். கைவிட்ட குழியில் தண்ணீர் நிரம்பிவிடும் என்பது இரத்தினபுரிப் பிள்ளை உனக்குத் தெரியாதா? இறைக்க நாலு பேர் வேண்டாமா?

உன் வயதில் நானும் இப்படிப்பட்ட கதைகளிலே கிடந்தவன். இந்தியாவிலிருந்து வரும் முத்து காமிக்ஸ் லயத்தில் கைமாறிக் கைமாறி, அட்டை கழன்றுதான் என்னிடம் வரும். 1972இல் அந்த வரிசையைத் தொடக்கிவைத்த இரும்புக்கை மாயாவியே ஒரு விஞ்ஞானியின் ஆய்வுக்கூட உதவியாள்தான். உனக்குப் பிடித்த அயர்ன் மேனும் 1963இல் வந்த முதல் கதையில் கவசத்தைத் தனியாகச் செய்யவில்லை. கூடச் சிறைப்பட்டிருந்த யின்சென் என்ற பேராசிரியர் சேர்ந்து செய்கிறார். கவசம் இயங்கத் தொடங்கும் வரை காவலாட்களைத் திசைதிருப்ப வெளியே ஓடிச் சாகிறார். அவர் பெயர் எத்தனை பேருக்கு ஞாபகம்?

உன் கிழவருக்குக் கிட்டத்தட்ட ஒத்த ஒருவர் நிஜமாகவே நம் மலையில் இருந்தார். ஜேம்ஸ் டெய்லர், ஸ்கொட்லாந்துக்காரர். 1852இல் பையனாக வந்து, கண்டிப் பக்கம் லூல்கந்துர தோட்டத்திலேயே 40 வருஷம் கிடந்தார். அவர் எடுத்ததாகச் சொல்லப்படும் ஒரே விடுமுறை 1874இல் டார்ஜிலிங்குக்கு. அதுவும் தேயிலை பார்க்கத்தான்! கோப்பி ராஜாவாக இருந்த காலத்தில், 1867இல், 19 ஏக்கரில் தேயிலை போட்டார். இரண்டு வருஷத்தில் இலைநோய் வந்து கோப்பியைத் தின்னத் தொடங்கியது.

அவருடைய முதல் 'ஸ்டோரு', அதாவது தேயிலைத் தொழிற்சாலை, பங்களா வராந்தாதான். மேசையில் கொழுந்தைப் பரப்பி, மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை அழுத்தி உருட்டுவார்கள். பிறகு மண் அடுப்பில், கரி நெருப்பின் மேல் கம்பித் தட்டு வைத்து வாட்டி எடுப்பார்கள். உருட்டும்போதுதான் இலையின் கலங்கள் உடைந்து சாறு கசிந்து காற்றில் படுகிறது. தேயிலையின் நிறமும் மணமும் அங்கே பிறக்கின்றன. 1872இல் டெய்லர் அந்த வேலைக்கு ஒரு இயந்திரம் செய்தார். அடுத்த வருஷம் இலண்டனுக்கு அனுப்பியது 23 இறாத்தல்.

அந்த இயந்திரம் எதைப் பார்த்துச் செய்தது? முழங்கைகளைப் பார்த்து என்றுதான் நான் சொல்வேன். வராந்தாவில் அத்தனை கைகள் அசைந்திராவிட்டால், எந்த அசைவை இரும்புக்குக் கற்றுக்கொடுப்பது என்று துரைக்குத் தெரிந்திருக்காது. இப்படிக் கற்றுக்கொடுத்த கைகளைத்தான் உன் கதையில் காணோம். நம் ஆட்கள் ரோதை என்று சொல்லும் இயந்திரத்துக்குள்ளும் ஒரு சாமியைக் கண்டு ரோதமுனி என்று கும்பிட்டார்கள்; தினம் அதனருகே நின்றவர்களுக்கு அதன் குணம் தெரியும்.

1892 மே மாதம் டெய்லர் வயிற்றுக்கடுப்பில் இறந்தார். பாரமான உடம்பு. 24 பேர், பன்னிரண்டு பன்னிரண்டாக முறைமாறி, கண்டி மகியாவை மயானம் வரை தூக்கிப் போனார்கள். டெய்லரின் பெயர் கல்லில் இருக்கிறது. அந்த 24 பேரில் ஒருவர் பெயரைக்கூட நான் எங்கும் படித்ததில்லை.

வருகிற சனிக்கிழமை உங்கள் தோட்டத்து ஸ்டோருக்குப் போ. ரோதையடியில் வேலை செய்கிறவரிடம், கொழுந்து போதுமான அளவு உருண்டுவிட்டதென்று எதை வைத்துச் சொல்கிறார் என்று கேள். அவர் கையில் எடுத்துப் பிடித்துக் காட்டுவார். அந்தக் கையை வரைந்துகொண்டு வா. கிழவர் வரும் மூன்றாம் பக்கத்தைத் திரும்பப் போட்டு எனக்கு அனுப்பு.

மாமா