ஸ்ட்ரட் பாரை வீட்டிலேயே மாட்டலாமா?

கேள்வி: என் காரின் முன்பக்கத்துக்கு ஸ்ட்ரட் பார் வாங்கியிருக்கிறேன். மெக்கானிக் இல்லாமல் நானே பொருத்தலாமா?

பதில்: தாராளமாகப் பொருத்தலாம். ஆனால் ஒன்றில் மட்டும் மிகக் கவனமாக இருங்கள். பானெட்டைத் திறந்தால் இரு ஓரங்களிலும் ஸ்ட்ரட்டின் தலை தெரியும்; இந்த இரண்டையும் இணைப்பதுதான் பார். பெரும்பாலான கார்களில் நடுவே ஒரு பெரிய நட்டும், சுற்றிலும் இரண்டு மூன்று சிறிய நட்டுகளும் இருக்கும். கழற்ற வேண்டியவை சிறியவை மட்டுமே. நடுநட்டு அழுத்தப்பட்ட ஸ்பிரிங்கைப் பிடித்து வைத்திருப்பது; அதைத் தொடவே கூடாது. உங்கள் காரில் நடுநட்டு மட்டுமே இருந்தால் வேலையை ஒர்க்‌ஷாப்பிடம் விட்டுவிடுங்கள்.

சமதரையில், நான்கு சக்கரங்களும் ஊன்றியிருக்க வேலை செய்யுங்கள். ஜாக்கி வேண்டாம், தூக்கினால் ஸ்ட்ரட் கீழே நழுவும். பாரின் முனையிலுள்ள பிளேட்டை வைத்த பிறகு போல்ட்டில் நட்டு முழுதாக ஏற மரை மிஞ்சுகிறதா என்று பாருங்கள். டார்க் ரெஞ்ச் கட்டாயம். எவ்வளவு முறுக்குவது என்பது காரின் சர்வீஸ் மேனுவலில் இருக்கும். பானெட்டை மெதுவாக இறக்கி, பார் இடிக்கிறதா என்றும் சோதியுங்கள். சில நாள் ஓட்டியபின் நட்டுகளை மறுபடி சரிபார்க்க வேண்டும்.

பார் பொருத்தியபின் வளைவில் ஸ்டீயரிங் சற்றுத் துல்லியமாகத் தெரியலாம். தினசரி ஓட்டத்துக்கு அதற்குமேல் எதிர்பார்க்காதீர்கள். டயரும் புஷ்ஷும் தேய்ந்திருந்தால் முதலில் அவற்றை மாற்றுங்கள்.